பதினான்கு நாள் வான்கோழி

குளிர் ஒழுங்காக இருந்தால் இருபத்திரண்டு பவுண்டு வான்கோழி இரண்டு பேருக்கு இரண்டு வாரம் வரும். மூன்று நான்கு நாளில் தீர்த்துவிட வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. அது குளிர்பெட்டியை மட்டும் நம்புகிறவர்களுக்கு. வடக்கு மினசோட்டாவில் நவம்பர் கடைசிக்கு வீட்டின் பின்வாசல் அறையே போதும். விருந்து முடிந்த அன்றே சதையை எலும்பிலிருந்து பிரித்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காகிதத்தில் சுற்றி, ரக்கூன் மாதிரி பிராணிகள் திறக்க முடியாத தகர டப்பாவில் போட்டு அங்கே வைத்துவிட்டால் காலைக்குள் கல்லாகிவிடும். வேண்டும்போது ஒன்று எடுத்துக்கொள்ளலாம். எலும்புக்கூட்டை மட்டும் தூக்கிப் போடக்கூடாது. ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இதை எழுதச் சொன்னது மார்லிஸ் பிரெக்கி. எங்கள் சர்ச் பெண்கள் சேர்ந்து, தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மிஞ்சும் வான்கோழியை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அதற்கு ஆளுக்கு ஒரு பக்கம். போன வாரம் மார்லிஸ் என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"லைல் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல பேசினாரு. என்ன பேச்சுங்கற, முக்கால் மணி நேரம் உன் சமையலேதான். போனை வெச்சுட்டு இவரு என் தட்டை ஒரு பார்வை பார்த்தாரு பாரு, இன்னும் மறக்கல நான்."

"அப்படியா" என்றேன்.

"ஒரே பறவைய தினம் ஒரு விதமா பண்ணிப் போட்டியாமே. எழுதிக் குடு. ஒரு பக்கத்துக்கு மேல போகாதே. லைப்ரரியில இருந்தவ நீ, உனக்கு நான் சொல்லணுமா."

எழுத உட்கார்ந்தேன். வெங்காயம் எவ்வளவு, செலரி எவ்வளவு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். உப்பு என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அளவைப் போடாமல் செய்முறை எழுத முடியாது. அளவைப் போட்டால் மற்றதையும் சொல்லியாக வேண்டும். அதனால் இது ஒரு பக்கத்துக்குள் அடங்காது. மார்லிஸிடம்தான் கொடுக்கப் போகிறேன். படித்த பிறகு அவள் யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுக்கட்டும்.

லைல் என் கணவர். எங்கள் மாவட்டச் சாலைகளில் முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். அவருடைய முதல் மனைவி ஜாய்ஸ் புற்றுநோயில் இறந்துபோனாள். அதன்பின் இரண்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் லைப்ரரிக்கு வந்து, ஒரே மாதிரி கௌபாய் கதைகளாகப் பார்த்து எடுத்துப் போவார். ஒரு சனிக்கிழமை நான் கேட்டேன், இதைப் போன மாதம்தானே படித்தீர்கள் என்று. "தெரியும்" என்றார். "திருப்பிக் குடுக்க வரணும் இல்ல?" எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. பத்தொன்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அவருடைய மகள் ரெனே அரிசோனாவில் இருக்கிறாள். என்னை ஆர்டிஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. நான் வந்தபோது அவளுக்கு இருபத்தொரு வயது. அம்மா தேவைப்படும் வயதில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்பு லைலின் இதயம் பலவீனமாகிவிட்டது. டாக்டர் ஹாகன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். காலையில் ஒரு நீர் மாத்திரை. உணவில் வருகிற எல்லா உப்பையும் சேர்த்தாலும் ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குமேல் போகக்கூடாது. தினமும் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் மூன்று பவுண்டு, அல்லது வாரத்தில் ஐந்து பவுண்டு ஏறினால் உடம்பில் நீர் தங்குகிறது என்று அர்த்தம். உடனே இரண்டாவது மாத்திரை கொடுத்துவிட்டுப் போன் செய்ய வேண்டும்.

நான் சரியாகச் செய்தேன். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ரொட்டி முதற்கொண்டு வீட்டிலேயே சுட்டேன். உப்புக்குப் பதில் எலுமிச்சை, வினிகர், சோம்புக்கீரை என்று பழகிக்கொண்டேன். அவருக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று நானும் உப்பை விட்டுவிட்டேன். டாக்டர் ஹாகன் மற்ற நோயாளிகளின் மனைவிகளிடம் என் பெயரைச் சொல்லி, போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்புவார். லைல் ஒரு நாளும் தட்டைத் தள்ளியதில்லை. எப்போதாவது, "முப்பத்தொரு வருஷம் பனி உருக ரோட்டுக்கு லாரி லாரியா உப்பு போட்டேன். அதுல ஒரு கை எனக்குக் கிடையாதா?" என்பார். ரோடு நல்லா இருக்கில்ல, உன்ன மாதிரி வீங்கலையே என்று நான் சொல்வேன். சிரிப்பார்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. ஒரு ஜூன் மாதம், ரெனேயின் மூத்த மகன் பள்ளி முடிக்கிறான் என்று அரிசோனா போவதாக இருந்தது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது லைலுடன் வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து சர்ச்சில் போட்ட சாப்பாட்டில், நான் பார்க்காத நேரத்தில் லைல், உப்பில் ஊறிய பன்றிக்கறி வைத்த ஹாம் பன் ஆறு சாப்பிட்டுவிட்டார். மறுநாள் காலையில் கால் செருப்புக்குள் நுழையவில்லை. டாக்டர் ஹாகன் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. "விமானமா? மூணு வாரத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். இரண்டு மாத்திரை வீதம் ஐந்து நாள் கொடுத்தேன். கால் வற்றிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பயணம் மட்டும் நின்றுபோயிற்று. அதை நான் மறக்கவில்லை.

இனி வான்கோழி.

இந்தத் தேங்க்ஸ்கிவிங்குக்கு ரெனேயும் அவள் கணவன் டெரலும் வந்திருந்தார்கள். டெரல் நல்லவன், ஆனால் சமையலில் தலையிடுவான். உப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறாத வான்கோழி பஞ்சு மாதிரி இருக்கும் என்று சொல்லி, கார் கொட்டகையில் ஒரு பெரிய வாளியில் இரண்டு பெட்டி உப்பைக் கொட்டி முழுப் பறவையையும் முக்கி வைத்துவிட்டான். லைலுக்கு நான் தனியாக ஒரு துண்டு நெஞ்சுக்கறி வாங்கி, உப்பில்லாமல் செய்து வைத்தேன். அவர் எல்லாருடைய தட்டையும் பார்த்துக்கொண்டே அதைச் சாப்பிட்டார்.

கடைசியில் இனிப்புக்குப் பூசணி பை பரிமாறியதும் ரெனே ஆரம்பித்தாள்.

"அப்பா, இந்தக் குளிரு உங்களுக்கு ஆகாது. எங்ககூட வந்துடுங்க. டிசம்பர் பத்தாம் தேதி நானே வரேன். பதினொண்ணாம் தேதி கூட்டிட்டுப் போயிடறேன். டிக்கெட்கூட வாங்கியாச்சு."

"அங்க பனி எவ்வளவு பெய்யும்?"

"பெய்யவே பெய்யாதுப்பா."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் லைல், "சரிம்மா, வரேன்" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

சமையலறையில் ரெனே என் தோளில் கைவைத்தாள். "ஆர்டிஸ், தப்பா நினைக்காதீங்க. அங்க அப்பாவுக்குக் குடுக்கப் போற ரூம் ரொம்பச் சின்னது. ஒரு கட்டிலுக்குத்தான் இடம். நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன். நாலு வருஷமா ஒரு நாள்கூட நீங்க உக்கார்ந்து நான் பார்க்கல."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். சரி என்றேன். உட்கார்ந்து என்ன செய்வது என்று அவளிடம் கேட்கவில்லை.

அன்று மாலை லைல் பெட்டியிலிருந்து அரைக்கைச் சட்டைகளை வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாக மார்பில் வைத்துப் பார்த்தார். "இந்த மஞ்சள் சட்டைக்கு இன்னும் பித்தான் போட முடியுமா, ஆர்டிஸ்?" என்றார். முடியும் என்றேன். அவர் முகம் பழைய லைல் முகமாக இருந்தது.

மறுநாள் காலையில் ரெனேயும் டெரலும் கிளம்பிப் போனார்கள். மதியம் நான் பின்வாசலில் இருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்து, மெல்லியதாகச் சீவி, ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்துக் கொடுத்தேன். முதல் நாள் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கென்று தனியாக எதுவும் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அவர் ஒரு வாய் கடித்துவிட்டு மெல்லாமல் இருந்தார்.

"என்ன இது?"

"டெரல் ஊற வெச்ச கறி. இன்னிக்கு ஒரு நாள்தானே."

மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். "நாலு வருஷமா நான் அட்டைய மென்னுட்டு இருந்தேன்னு இப்பத்தான் தெரியுது."

"அட்டையா? நல்லா இருக்கு போ."

"நீ பண்ணின அட்டை. நல்ல அட்டைதான்" என்றார். "இன்னொண்ணு இருக்கா?"

இருந்தது. கொடுத்தேன்.

இரண்டாம் நாள் மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் கறியையும் ஊறுகாய் வெள்ளரியையும் வைத்துச் சுருட்டினேன். மூன்றாம் நாள் ஞாயிறு. சர்ச்சிலிருந்து வந்து ஹாட்டிஷ் செய்தேன். கறி, பட்டாணி, இரண்டு டப்பா காளான் சூப் கலந்து, மேலே உருளைக்கிழங்கு அடுக்கி அடுப்பில் வைப்பது. உப்பு அதிகம் என்று டப்பா சூப்பை நான் நான்கு வருஷமாக வீட்டுக்குள் விட்டதில்லை. கடையில் அதை வாங்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. நான்காம் நாள் கறியை மாவுக்குள் மூடிச் சுட்ட பை. ஐந்தாம் நாள் எலும்புக்கூட்டைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, நாள் முழுக்கக் கொதிக்கவிட்டேன். பாதியாக வற்ற வேண்டும். வற்ற வற்ற உப்பு ஏறும். அந்தச் சாற்றில் ஆறாம் நாள் காட்டரிசி சூப். ஏழாம் நாள் பால் சேர்த்துக் கெட்டியாக்கி, சுட்ட ரொட்டிமேல் ஊற்றிக் கொடுத்தேன். அன்றுதான் அவர் மார்லிஸின் கணவருக்குப் போன் செய்தார். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். "கல்யாணம் ஆன புதுசுல சமைச்ச மாதிரி சமைக்கிறாய்யா இவ" என்றார். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எட்டாம் நாளிலிருந்து உப்புப் பெட்டியைத் திறந்து கையாலேயே போட்டேன். வெங்காயமும் மிளகும் தாராளமாகப் போட்டால் ருசி கெடாது. அளவு கேட்டால், ஒரு பாத்திரம் சூப்புக்கு மூன்று தேக்கரண்டி. நான் அதைச் சாப்பிடவில்லை. எனக்கு உப்பு பழக்கம் விட்டுப்போயிருந்தது.

எடை பற்றிச் சொல்ல வேண்டும். குளியலறையில் பழைய எடைமேடை. லைலுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் அவர் ஏறி நிற்பார். நான் மண்டியிட்டு முள்ளைப் படித்துச் சொல்வேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொள்வார். தேங்க்ஸ்கிவிங் அன்று காலை நூற்றியெண்பத்துநான்கு. நான்காம் நாள் நூற்றியெண்பத்தெட்டு இருந்தது. எண்பத்தைந்து என்றேன். ஏழாம் நாள் நூற்றித்தொண்ணூற்றிரண்டு. எண்பத்தாறு என்றேன்.

"இவ்வளவு தின்னும் ரெண்டு பவுண்டுதானா? நீ சரியா பாரு" என்றார்.

"முள்ளு எங்க நிக்குதோ அதைத்தானே சொல்ல முடியும். கீழ இறங்கு, வழுக்கப் போற."

அவருக்கு அந்தத் தாளின் விதிகள் மனப்பாடம். சரியான எண்ணைச் சொல்லியிருந்தால் அவரே இரண்டாவது மாத்திரையைக் கேட்டிருப்பார்.

நான் யோசித்தது இதுதான். டிசம்பர் எட்டாம் தேதி புதன்கிழமை டாக்டர் ஹாகனிடம் போக வேண்டும். அவர் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார். பள்ளம் நிற்கும். விமானம் கூடாது என்பார். பயணம் நிற்கும். அப்புறம் இரண்டு மாத்திரை, ஐந்து நாள், உப்பில்லாச் சாப்பாடு. ஜூன் மாதத்தில் நடந்த மாதிரியே. ஆனால் அதற்கு முன்னால் உடம்பு மோசமாகிப் போன் செய்துவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், ரெனே அன்றே வந்துவிடுவாள், ஆஸ்பத்திரியிலிருந்தே அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அதனால் வீங்க வேண்டும், ஆனால் புதன்கிழமைவரை தாங்க வேண்டும். இது கெட்ட எண்ணம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நோயாளியை நான்கு வருஷம் கவனித்தவளுக்கு அவர் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரியாதா என்றுதான் தோன்றியது.

பத்தாம் நாள் படுக்க முடியவில்லை என்றார். ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்தேன். கால்களை முக்காலியில் தூக்கி வைத்து, வெதுவெதுப்பான துணியால் துடைத்தேன். தோல் பளபளவென்று இருந்தது. "ரெனே பார்த்தா பயந்துடுவா" என்றார். "புதன்கிழமை டாக்டர் பார்க்கட்டும். என்ன சொல்றாரோ கேட்டுக்கலாம்" என்றேன். "நீ இருக்கும்போது எனக்கென்ன" என்றார்.

செவ்வாய்க்கிழமை பனிப்புயல் ஆரம்பித்தது. புதன்கிழமை காலையில் சாலை அடைத்துவிட்டது. டாக்டரால் வீட்டிலிருந்து கிளம்பவே முடியவில்லை, வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. லைல் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டார்கள். எடை நூற்றியெண்பத்தேழு என்றேன். உண்மையில் அன்று இருநூற்றிரண்டு.

அப்போதாவது உண்மையான எண்ணைச் சொல்லியிருக்கலாம். போனில் பேசிய நர்ஸ் ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பாள். இரண்டாவது மாத்திரையாவது கொடுத்திருக்கலாம். மாத்திரைப் புட்டி ஜன்னல் மேடையில் என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் என்று நினைத்தேன். இப்போது மாத்திரை கொடுத்து வீக்கம் வற்றிவிட்டால் இத்தனை நாள் செய்தது வீணாகிவிடும் என்றும் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன். வேறு மாதிரி எழுதுவதில் பயனில்லை.

வியாழக்கிழமை காலையில் புயல் நின்று வெயில் அடித்தது. லைல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெளியே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒன்பது மணிக்கு மேல் எனக்கு எதுவும் கேட்பதற்கு முன்பே அவருக்குக் கேட்டது.

"வண்டி வருது."

"எனக்குக் கேக்கல."

"திருப்பத்துல... பிளேடை அழுத்துறான். புது ஆளு. தார் பேர்ந்துடும்." கொஞ்சம் மூச்சு விட்டார். அப்புறம் மஞ்சள் விளக்கோடு லாரி எங்கள் வாசலைத் தாண்டிப் போயிற்று. இரண்டு பக்கமும் பனி ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்தது. "ரோடு தொறந்தாச்சு, ஆர்டிஸ். ஆம்புலன்ஸ் வரும் இப்ப. போன் போடு."

போன் சமையலறைச் சுவரில் இருந்தது. அவர் நாற்காலியிலிருந்து பத்து எட்டு வைத்தால் போதும்.

"சூப் சூடா இருக்கு. ரெண்டு வாய் குடி. போடுறேன்" என்றேன்.

குடித்தார். சாப்பாட்டு விஷயத்தில் அவர் எப்போதும் நான் சொன்னதைக் கேட்பார். நான்தான் ஊட்டினேன். ஐந்தாறு கரண்டி போயிருக்கும். "நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "ரெனேவுக்கும் போடு."

நான் எழுந்து போனேன். போனைக் கையில் எடுத்தேன். காதில் வைத்தேன். லைன் இருந்தது. அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எந்த எண்ணையும் சுற்றவில்லை. அப்படியே திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.

"லைன் செத்துக் கிடக்கு. புயல்ல கம்பி அறுந்திருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கைமேல் கைவைத்து, "பயப்படாத. சரி பண்ணிடுவாங்க" என்றார். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஒன்றேகால் மணிக்கு இறந்துபோனார். அதுவரை நான் அவர் கையை விடவில்லை. அதன்பின் எழுந்து போன் செய்தேன். பதினோரு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். சாலை சுத்தமாக இருந்ததாம்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். செய்திருந்தால் காப்பாற்றியிருப்பார்கள். எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. காப்பாற்றி ரெனேயிடம் கொடுத்திருப்பார்கள்.

எல்லாரும் புயலைத்தான் சொன்னார்கள். சாலை அடைத்ததுதான் காரணம் என்று. முப்பத்தொரு வருஷம் ஊருக்குப் பனி தள்ளியவரைக் கடைசியில் பனியே கொண்டுபோய்விட்டதே என்று போதகர் ஜெபத்தில் சொன்னபோது பலர் அழுதார்கள். எத்தனை மணிக்குச் சாலை திறந்தது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சில் ஹாம் பன்னும் ஹாட்டிஷும் வைத்தார்கள். ரெனே என்னைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

"நீங்க இல்லேன்னா அப்பா நாலு வருஷம் முன்னாடியே போயிருப்பாரு, ஆர்டிஸ். எனக்குத் தெரியும்."

கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

"சூப் நல்லா இருக்குன்னாரு."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அதை அங்கிருந்த எல்லாரிடமும் போய்ச் சொன்னாள். அப்படித்தான் மார்லிஸ் காதுக்கும் போய், என் சூப் இந்தப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தது.

அவரை ஜாய்ஸ் பக்கத்தில் வைத்தார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. ஒருவர் போகும்போதே கல்லறைக் கல்லில் கணவன், மனைவி இரண்டு பெயரையும் வெட்டிவிடுவார்கள். லைலின் பெயரும், பிறந்த வருஷமும், அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் இருபத்தொரு வருஷமாக அங்கே காத்திருந்தன. கோட்டுக்கு அந்தப் பக்கம் நான்கு எண்களைச் சேர்த்தார்கள். எனக்கு வேலி ஓரத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று சொன்னார்கள். சரி என்றேன்.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை பார்ப்பது என் பழக்கம். அப்போதுதான் ஒன்றை விட்டிருப்பது தெரிந்தது. வேண்டுமென்று விடவில்லை. ஆனாலும் விட்டிருக்கிறேன்.

ரெனே வாங்கிய டிக்கெட் இரண்டு தாளாக இருந்தது. ஒன்று டிசம்பர் பதினொன்று. இன்னொன்று மார்ச் இருபத்தாறு, ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, அரிசோனாவிலிருந்து திரும்பி வருவதற்கு. நான்தான் இரண்டையும் உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். விருந்து மேசையில் ரெனே அதைச் சொன்னாள். "குளிர்காலம் மட்டும்தான், ஆர்டிஸ். பனி உருகினதும் கொண்டாந்து விட்டுடறேன்." மாலையில் மஞ்சள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு லைலும் சொன்னார். பித்தான் பற்றிக் கேட்டது மட்டும்தான் மேலே இருக்கிறது. அதற்கு அடுத்து அவர் சொன்னது, "மூணரை மாசம்தானே. போயிட்டு வந்துடறேன். அதுக்குள்ள நீ என்னை மறந்துடாதே."

கேட்டேன். காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் எழுபத்துநான்கு வயது. அந்த இதயம். போகிறவர்கள் எல்லாரும் போயிட்டு வந்துடறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ரெனே காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். டெரல் எல்லாவற்றையும் உப்புத் தண்ணீரில் ஊறவைக்கிறவன். மூன்றரை மாசம் அவர் சாப்பாட்டில் உப்பு சேராமல் அங்கே யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.